பழம் தின்கிறவர்களுக்கு மட்டும்

செவ்வந்தி என்ற மைனாவும் அவள் புருஷன் கருத்தானும் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே ஒரு பொந்துகூடக் காலியாக இல்லை.

காட்டுக்குள் அவர்கள் குடியிருந்த பட்டமரம் காற்றில் சாய்ந்துவிட்டது. செவ்வந்திக்கோ முட்டை வைக்கிற நாள் நெருங்கிவிட்டது. வெட்டவெளியில் வைத்தால் அது பாம்புக்குச் சாப்பாடு. எப்படியாவது ஒரு பொந்து பிடித்தே ஆக வேண்டும்.

ஏரிக்கரையில் தண்ணீர் இருந்தது, இரை இருந்தது. அதனால் காட்டில் உள்ள அத்தனை பேரும் அங்கேதான் வந்து குவிந்திருந்தார்கள். மரத்துக்கு மரம் நெரிசல். ஒரு கிளையில் நாலு கரிச்சான் குருவிகள் முறை வைத்துத் தூங்கின. ஒன்று எழுந்து போனால்தான் அடுத்தது படுக்கலாம்.

"தரகர் இல்லாம இங்க ஒரு இலைகூடக் கிடைக்காது போலிருக்கு," என்றான் கருத்தான்.

பொந்துத் தரகர் ஒரு ஓணான். பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவது அவர் வழக்கம்.

"காத்தோட்டமா இருக்கணும் அண்ணே," என்றாள் செவ்வந்தி.

தலையை ஆட்டினார்.

"பாம்புத் தொந்தரவு கூடாது."

அதற்கும் ஆட்டினார்.

"வாடகை கொஞ்சம் கம்மியா..."

ஓணான் தலை ஆட்டுவதை நிறுத்தினார். "ஊருக்குப் புதுசாம்மா?" என்று கேட்டார்.

முதலில் ஒரு புளியமரத்துக்குக் கூட்டிப்போனார். பொந்து பெரிதுதான். நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரிந்தது.

"கூரையைக் காணோமே அண்ணே?"

"வெளிச்சம் எப்படி வருது பாரும்மா."

"மழை பெஞ்சா?"

"குளிக்க ஏரிவரைக்கும் போக வேண்டியதில்லை."

அடுத்து ஒரு மொட்டைப் பனை. பொந்து வாசலில் நீளமாக ஒரு பாம்புச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கருத்தான் இரண்டடி பின்னால் பறந்துவிட்டான்.

"அது முன்னாடி குடியிருந்தவரோடது," என்றார் ஓணான். "ரொம்ப அமைதியானவர். இருக்கிற இடம் தெரியாது."

"காலி பண்ணிட்டாரா?"

"கிட்டத்தட்ட."

செவ்வந்திக்குக் கோபம் வந்தது. "அண்ணே, நான் முட்டை வைக்க இடம் கேக்கறேன். நீங்க முட்டையைப் பரிமாற இடம் காட்டறீங்க."

ஓணான் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "இன்னும் ஒரே ஒரு இடம் இருக்கு. அத்திமரம். நல்ல பொந்து. ஆனா அங்க வீட்டுக்காரர் கொஞ்சம் ஒரு மாதிரி. கேக்கறதுக்கு எல்லாம் சரின்னு சொல்லிடணும். என்னைப் பாத்துக் கத்துக்குங்க."

கரையிலேயே பெரிய மரம் அந்த அத்திதான். அதில் இருந்த பொந்துகள் எல்லாம் மரகதம் என்ற கிளியாருக்குச் சொந்தம். அவர் ஒரு பொந்தையும் குடைந்ததில்லை. மரங்கொத்திகள் பாடுபட்டுக் குடைந்து வைத்தார்கள். அவர்கள் இரை தேடப் போன நேரத்தில் இவருடைய பாட்டனார் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அதற்குப் பரம்பரைச் சொத்து என்று பேர்.

கிளியார் நடுக்கிளையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை ஒரு கண்ணால் மட்டும் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்க்கிற அளவுக்கு ஆள் பெரிதில்லை என்று அதற்கு அர்த்தம்.

"வாடகை வேப்பம்பழம். ஏரிக்கு அந்தப் பக்கத் தோப்பிலேருந்து கொண்டாரணும். பழுத்ததா இருக்கணும். அட்வான்ஸ் பத்து மாசம்."

"பத்து மாசமா?" என்றான் கருத்தான். "குஞ்சு பொரிச்சு, வளர்ந்து, பறந்து போகவே ரெண்டு மாசம் ஆகாதுங்களே ஐயா."

"அது உங்க சௌகரியம். விருந்தாளி ராத்திரி தங்கக் கூடாது. சுவரைக் கொத்தக் கூடாது. உச்சிக்கிளையில சிறகு காயப் போடக் கூடாது. பாடுவீங்களா?"

"ஏதோ சுமாரா வரும்."

"சுமாரா வர்றதை எதுக்குப் பாடணும்? வேண்டாம்."

ஓணான் பின்னாலிருந்து எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கிளியார் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீங்க என்ன சாப்பிடறவங்க?"

கருத்தான் வாயைத் திறந்தான். செவ்வந்தி அவன் காலை மிதித்தாள்.

"பழம், ஐயா."

"பழம் மட்டுமா? இது சுத்தமான மரம். எங்க பாட்டன் காலத்திலேருந்து பழம் தின்கிறவங்களுக்கு மட்டும்தான் வீடு. புழு பூச்சி தின்கிறவங்க வந்தா அந்த வாடை கிளை கிளையாப் பரவும்."

"எங்க வீட்டுல புழுங்கிற பேச்சையே எடுக்க மாட்டோம் ஐயா. எங்களுக்கு வயித்தைப் பெரட்டும்."

"அவர் அலகு ஓரத்துல என்ன?"

கருத்தான் காலையில் ஒரு வெட்டுக்கிளி தின்றிருந்தான். அதன் கால் ஒன்று அலகில் ஒட்டிக்கொண்டிருந்தது. செவ்வந்தி அதைத் தன் சிறகால் துடைத்துவிட்டாள்.

"காய்ஞ்ச புல்லு, ஐயா. கூடு கட்டற ஞாபகமாவே இருக்காரு."

கிளியார் தலையைச் சாய்த்து யோசித்தார். பிறகு, "சரி, வரச் சொல்லு," என்று ஓணானிடம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அட்வான்சுக்கு வேப்பம்பழம் சுமந்தே இருவரும் பாதி ஆளாகிப் போனார்கள். ஆனால் பொந்து நல்ல பொந்து. மழை உள்ளே வராது, வெயில் வராது, பாம்பு ஏறினால் கிளிகளின் கூச்சலில் ஊரே எழுந்துவிடும். செவ்வந்தி உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தாள். இந்த இடத்துக்காகச் சொன்ன பொய் அப்போது அவளுக்கு ஒரு தூசியாகத்தான் தெரிந்தது.

அடுத்த பொந்தில் இருந்த அணில் வந்து எட்டிப் பார்த்தது. "பழம்தானே?" என்று கேட்டது.

"பழம்தான் அக்கா."

"நானும் பழம்தான்," என்றது அணில். அதன் மீசையில் ஒரு எறும்பு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முட்டை வைத்து அடைகாக்கிறவரை தொந்தரவு இல்லை. பசித்தால் தூரமாகப் போய்ப் புழு தின்றுவிட்டு, ஏரியில் வாய் கொப்பளித்துவிட்டு வருவார்கள். குஞ்சு பொரித்த பிறகுதான் சிக்கல் வந்தது. மூன்று குஞ்சுகள், மூன்று பெரிய வாய்கள். அத்திப்பழத்தை ஊட்டினால் துப்பின. மைனாக் குஞ்சுக்குப் புழு போகாமல் உடம்பு தேறாது, சிறகு முளைக்காது.

புழுவை எப்படி உள்ளே கொண்டுபோவது? கிளியார் நாள் முழுக்க நடுக்கிளையில்தான் உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவர் வாயில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

செவ்வந்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். கீழே விழுந்து கிடந்த அத்திப்பழத்தை எடுத்து, காம்புப் பக்கம் அலகால் ஒரு ஓட்டை போட்டாள். எலுமிச்சைச் செடியில் பிடித்த கொழுத்த பச்சைப் புழுவை அதற்குள் திணித்தாள். ஓட்டையைப் பழச்சதையால் அடைத்தாள். பழத்தைக் கவ்விக்கொண்டு கிளியார் மூக்குக்கு முன்னாலேயே பறந்தாள்.

"பாத்தீங்களா," என்று கிளியார் மற்றவர்களிடம் சொன்னார். "குஞ்சுங்களுக்குக்கூடப் பழம்தான் ஊட்டறா. குடும்பம்னா இப்படி இருக்கணும்."

குஞ்சுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் கிளியார் அவளை நிறுத்தினார். "அந்தப் பழத்தை இப்படிக் கொடு. பாத்தாலே கனமா இருக்கே."

"இது கீழே விழுந்த பழம், ஐயா. உங்களுக்கு வேற பறிச்சுத் தர்றேன்."

"என் மரத்துப் பழம்தானே? கொடு."

வீட்டுக்காரர் கேட்டால் என்ன செய்வது? கொடுத்தாள். கிளியார் பழத்தைப் பிட்டுப் பார்த்துத் தின்கிற ஆள் இல்லை. பிட்டுத் தின்பது பஞ்சத்தில் அடிபட்டவர்கள் பழக்கம் என்று அவர் நினைப்பு. அப்படியே வாயில் போட்டார். மென்றார். நின்றார். மறுபடி மென்றார்.

செவ்வந்தி பறக்கத் தயாராகச் சிறகை விரித்துக்கொண்டாள்.

"அடடா!" என்றார் கிளியார். "இந்த மரத்துல இப்படி ஒரு பழமா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே. உள்ளே என்னமோ மெத்து மெத்துன்னு, வெண்ணெயாட்டம்..."

"வெயில் படாத பழம், ஐயா. அதான்."

"தினம் எனக்கு ஒண்ணு கொண்டாந்து கொடுத்துடு. வாடகையோட சேத்து."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. தினம் ஒன்று என்றவர், "அம்மாவுக்கும் ஒண்ணு," என்றார். அம்மா என்றால் அவர் மனைவி. கொஞ்ச நாளில், "மாப்பிள்ளை வந்திருக்கார்," என்றார். விருந்தாளி தங்கக் கூடாது என்ற சட்டம் வீட்டுக்காரர்களுக்குக் கிடையாது போலிருக்கிறது. மாப்பிள்ளை வந்தவர் வந்தவர்தான். அந்தப் பழம் இருக்கிறவரை அவர் கிளம்புவதாக இல்லை.

செவ்வந்தியும் கருத்தானும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை புழு பிடித்தார்கள். பக்கத்துச் செடிகளில் புழு தீர்ந்துவிட்டது. தூரத்துச் செடிகளுக்குப் போனார்கள். வாடகை வேப்பம்பழத்துக்கு வேறு ஒரு நடை. கொண்டுவந்த புழு எல்லாம் கிளியார் குடும்பத்துக்குச் சரியாகப் போனது. குஞ்சுகளுக்கு மிஞ்சியது துப்பின அத்திப்பழம்தான்.

"போய் உண்மையைச் சொல்லிடலாமா?" என்றான் கருத்தான்.

"சொன்னா இன்னிக்கே வெளிய போகச் சொல்வாரு. இதுங்களுக்குச் சிறகு வந்திருக்கா? எங்க கொண்டுபோய் வைப்பீங்க? அந்தப் பனைமரத்துலயா?"

கருத்தான் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தான். "நம்ம பிள்ளைங்க பட்டினி கிடக்குது. அந்த மாப்பிள்ளைக்குத் தொப்பை போடுது," என்றான்.

"மெதுவாப் பேசுங்க."

"அதுக்கும் சட்டமா?"

மறுநாள் காலையில் செவ்வந்தி பொந்துக்குத் திரும்பியபோது இரண்டு குஞ்சுகள்தான் வாயைத் திறந்தன. கடைக்குட்டி படுத்தபடியே கிடந்தது. அலகால் தட்டினாள். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. வாயைத் திறக்கத் தெம்பில்லை.

செவ்வந்தி கொண்டுவந்திருந்த பழங்களை எல்லாம் கிழித்தாள். உள்ளே இருந்த புழுக்களை எடுத்து, கடைக்குட்டியின் வாயைத் தானே திறந்து ஊட்டினாள். மிச்சத்தை மற்ற இரண்டுக்கும் கொடுத்தாள். கிளியார் வீட்டுக்கு மூன்று வெறும் அத்திப்பழங்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அவள் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே கிளியார் வந்துவிட்டார்.

"என்னம்மா இது, இன்னிக்குப் பழம் சப்புன்னு இருக்கு? மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. நல்ல பழத்தை நீங்களே வச்சுக்கிட்டீங்களா?"

சொல்லிக்கொண்டே தலையைப் பொந்துக்குள் விட்டார். கடைக்குட்டி கடைசிப் புழுவை விழுங்கிக்கொண்டிருந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே இருந்த பாதி நெளிந்துகொண்டிருந்தது.

கிளியார் தலையை வெளியே எடுத்தார்.

"அது என்ன?"

இனி புல் என்று சொல்ல முடியாது. "புழு, ஐயா," என்றாள் செவ்வந்தி.

"என் மரத்துலயா? பாட்டன் காலத்து மரத்துலயா? பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணணும். அட்வான்ஸ் கிடையாது. பொய் சொல்லி உள்ளே வந்தவளுக்கு ஒரு வேப்பங்கொட்டைகூடக் கிடையாது."

"பொய் சொன்னது உண்மைதான் ஐயா. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தா வீடு கொடுத்திருக்க மாட்டீங்க." அவள் அதோடு நிறுத்தவில்லை. "இன்னொரு உண்மையையும் சொல்லிடறேன். இத்தனை நாளா நீங்க ருசிச்சுச் சாப்பிட்டதும் இந்தப் புழுதான். பழத்துக்குள்ள வச்சு என் பிள்ளைங்களுக்குக் கொண்டுவந்தது. நீங்கதான் கேட்டு வாங்கினீங்க."

கிளியாரின் கழுத்து இறகு சிலிர்த்துக்கொண்டது. "நாங்களா? புழுவா? பரம்பரையாப் பழம் தின்ன வாய் இது! சுத்தமான பழம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? இதோ பாரு..."

பக்கத்துக் கிளையில் அலகு படாமல் பழுத்துத் தொங்கிய ஒரு பழத்தைப் பறித்தார். அவள் பார்க்க வேண்டும் என்று காலில் பிடித்து, அலகால் இரண்டாகப் பிட்டார்.

அவர் வாழ்நாளில் ஒரு அத்திப்பழத்தைப் பிட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளேயிருந்து பொடிப்பொடியாகப் பூச்சிகள் கிளம்பின. சில பறந்தன. சில அவர் கால்மேல் ஏறின. பறக்க முடியாத சின்னப் புழுக்கள் சதைக்குள்ளேயே நெளுநெளுவென்று நெளிந்தன.

கிளியார் அதைக் கீழே போட்டுவிட்டு இன்னொன்றைப் பறித்தார். பிட்டார். அதிலும் அப்படித்தான். உச்சிக்கிளைக்குப் பறந்துபோய் ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தார். அதிலும் அதேதான்.

செவ்வந்தி அவர் முகத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தாள்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் கிளியார்.

"தெரியும், ஐயா."

"ஏன் சொல்லலை?"

"வாடகைக்கு இருக்கிறவ எதைச் சொல்ல முடியும்? நான் ஒவ்வொரு பழத்துலயும் ஒண்ணுதான் வச்சேன். மத்ததெல்லாம் மரமே வச்சது."

கிளியார் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அணிலின் பொந்திலிருந்து ஒரு வால் நுனி சட்டென்று உள்ளே போனது. அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். உள்ளே கடைக்குட்டி வாயைத் திறந்து கத்தியது. காலையில் கத்தத் தெம்பில்லாமல் கிடந்த குஞ்சு அது.

"காலி பண்ண வேண்டாம்," என்றார் கடைசியில்.

"சரிங்க ஐயா. ஆனா அந்தப் பழம் இனிமே கிடையாது. வாடகை எவ்வளவு பேசினோமோ அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற புழு என் பிள்ளைங்களுக்கே பத்தாது."

கிளியார் இறங்கிப் போனார். நாலு அடி போனவர் நின்றார். திரும்பி வந்தார். இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தார்.

"அந்தப் பச்சைப் புழு..." என்று குரலை இறக்கினார். "அது எந்தச் செடியில இருக்கும்?"

செவ்வந்தி சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "கரையோர எலுமிச்சையில, ஐயா. இலைக்கு அடியில பாக்கணும். இப்ப கொஞ்சம் தூரமாப் போகணும்."

மறுநாள் விடியற்காலையில் கிளியாரும் அவர் மாப்பிள்ளையும் எலுமிச்சைச் செடிகள் இருக்கிற பக்கம் பறந்து போவதைப் பலர் பார்த்தார்கள். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்த்தவர்களும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

குஞ்சுகள் மூன்றுக்கும் சிறகு முளைத்தது. கடைக்குட்டிதான் கடைசியாகப் பறந்தது. ஆனால் நன்றாகப் பறந்தது.

அதற்குப் பிறகு அந்த அத்திமரத்துக்கு வீடு கேட்டு யார் வந்தாலும், என்ன சாப்பிடுவீர்கள் என்று கிளியார் கேட்பதில்லை. அட்வான்சை மட்டும் அவர் குறைக்கவில்லை. பழம் தின்னும்போது ஏனோ கண்ணை இறுக மூடிக்கொள்வார். கேட்டால் வெயில் கூசுகிறது என்பார்.

பொய் சொன்னால்தான் வீடு கிடைக்கும் என்று சட்டம் வைக்கிறவர், அந்தப் பொய்யை ஒருநாள் தம் வாயாலேயே தின்றுதான் ஆக வேண்டும்.